சாம்பியனைப் பயிற்சியாளராக்கினால் போதாது, காலமும் கொடுங்கள்

சர்வதேச பயாத்லான் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நார்வேயின் பயாத்லான் சாம்பியன் ஓலே ஐனார் பியோர்ண்டாலனும், பெலாரஸின் சாம்பியனான அவருடைய மனைவி தாரியா தொம்ராச்சேவாவும் 2019 செப்டம்பரில் சீன பயாத்லான் அணிக்குப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்தார்கள். இரண்டரை ஆண்டில் பெய்ஜிங் ஒலிம்பிக் வந்தது, போனது. பயாத்லானில் சீனாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. அத்துடன் அவர்களுடைய சீன வேலையும் முடிந்தது. பெரிய வீரர்கள்தான், ஆனால் பயிற்சியாளர்களாக எடுபடவில்லை என்கிற மாதிரியான பேச்சுதான் மிஞ்சியது.

அந்தப் பேச்சு நியாயமில்லை என்பது என் எண்ணம். அதற்கு அவர்கள் இருவர் மேலும் எனக்குள்ள மதிப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒரு சாம்பியன் பயிற்சியாளராக மாறுவதை இந்த விளையாட்டு எவ்வளவு அலட்சியமாகக் கையாளுகிறது என்பது. அதை மாற்ற உங்களால் முடியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் நார்வேயில் வாழும் தமிழ்ப் பெண். குளிர்காலத்தில் சனி, ஞாயிறு என்றால் இங்கே பல வீடுகளில் தொலைக்காட்சியில் பயாத்லான்தான் ஓடும். எங்கள் தமிழ் வீடுகளும் அதற்கு விலக்கில்லை. இந்த மடலைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயாத்லான் என்பது பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி. குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள ரைபிளை முதுகில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஓடி வர வேண்டும். மூச்சு இரைக்க, இதயம் நெஞ்சை உதைக்க வந்து நின்று, 50 மீட்டர் தூரத்திலுள்ள ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் விட்டம் 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். பெரும்பாலான போட்டிகளில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓட வேண்டும். உலகத்தின் மிக வேகமான ஆளாக இருந்தாலும் சரி, கை நடுங்கினால் கதை முடிந்தது.

இந்த விளையாட்டில் பயிற்சியாளர் ஓரமாக நின்று கைதட்டுகிறவர் இல்லை. போட்டிக்கு முன் வீரர்கள் காகிதக் குறிகளில் சுட்டு ரைபிளைச் சரிபார்க்கும்போது, பின்னால் தொலைநோக்கியோடு நின்று ஒவ்வொரு தோட்டாவும் எங்கே விழுகிறது என்று சொல்பவர் அவர்தான். காற்று திரும்பினால் ரைபிளின் குறிநோக்கியை எந்தப் பக்கம் எத்தனை சொடுக்கு திருப்ப வேண்டும் என்று சொல்பவரும் அவர்தான். காற்றுக்கொடி ஆடுவதைப் பார்த்து, இப்போது சுடலாமா, இரண்டு நொடி பொறுக்கலாமா என்று முடிவெடுக்கும் பழக்கத்தை வருடக்கணக்கில் வீரருக்குள் ஊட்டுகிறவரும் அவரே. இதையெல்லாம் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவர் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க வந்தால், அது எவ்வளவு பெரிய சொத்து!

பியோர்ண்டாலனிடம் அந்தச் சொத்து எவ்வளவு இருந்தது என்பதை உங்கள் பதிவேடுகளே சொல்லும். சிமோஸ்ட்ராண்டா என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1994இல் சொந்த நாட்டு லில்லேஹாமரில் முதல் ஒலிம்பிக். 1998இல் நாகானோவில் 10 கிலோமீட்டர் ஸ்பிரின்ட் போட்டியில் அவர் முன்னணியில் இருந்தபோது வானிலை கெட்டுப் போட்டியையே நிறுத்தினார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன அந்த இரவை எப்படிக் கழித்தாரோ தெரியாது. மறுநாள் மீண்டும் நடந்த போட்டியில் ஒரு நிமிடத்துக்கும் மேல் முந்தி வந்து தங்கம் வென்றார். என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையில் இளம் வீரர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய முதல் பாடம் அந்த ஒரு நாள் இடைவெளிதான். கையிலிருந்து போனதை நினைத்துக்கொண்டிருந்தால் மறுநாள் சுட முடியாது.

அப்புறம் 2002 சால்ட் லேக் சிட்டி. தனிநபர் 20 கிலோமீட்டர், ஸ்பிரின்ட், துரத்தல் ஓட்டம், தொடரோட்டம் என ஆண்களுக்கு இருந்த நான்கு போட்டிகளிலும் நான்கு தங்கம். இது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின் வந்த ஆண்டுகளைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். 2006 டூரினில் வெள்ளியும் வெண்கலமும் கிடைத்தன, தங்கம் இல்லை. 2010 வான்கூவரில் தொடரோட்டத்தில் மட்டும் தங்கம். அவர் காலம் முடிந்தது என்று பலரும் நினைத்த வயதில், 2014 சோச்சியில், 40 வயதில், ஸ்பிரின்ட் தங்கத்தை எடுத்தார். கலப்புத் தொடரோட்டத்திலும் தங்கம் வென்று, ஒலிம்பிக் தங்கங்களை எட்டாக்கினார். குளிர்கால ஒலிம்பிக் பதக்க எண்ணிக்கையில் அதே நாட்டுப் பனிச்சறுக்கு வீரரான பியோர்ன் டேலியையும் அப்போது தாண்டினார். உலக சாம்பியன்ஷிப்பில் 20 தங்கம், உலகக்கோப்பை ஒட்டுமொத்தப் பட்டம் ஆறு முறை.

இவ்வளவையும் பிறவித் திறமை என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்வது வேறு. நோய்க்கிருமி தொற்றாமல் இருக்கக் கைகழுவுவதில் அவர் காட்டிய பிடிவாதத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. பெருந்தொற்று வந்தபின் உலகமே அதைத்தான் செய்தது. அவருடைய மனப்பயிற்சிக்குத் துணை நின்ற ஓய்விந்த் ஹாமர் விளையாட்டு விஞ்ஞானி இல்லை, தூசி உறிஞ்சும் இயந்திரங்கள் விற்ற விற்பனையாளர். ஒருவரிடம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று தெரிந்தால், அவர் யார் என்று பியோர்ண்டாலன் பார்க்கவில்லை. ஒரு பயிற்சியாளருக்கு இதைவிட நல்ல குணம் என்ன வேண்டும்?

2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு நார்வே அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. வேறொருவராக இருந்தால் வீட்டில் முடங்கியிருப்பார். அவர் பெலாரஸ் அணியின் அனுமதிச் சீட்டோடு, தன் மனைவிக்கு உதவியாக, அங்கே போனார். ஒலிம்பிக் சுடுதளத்தின் மறுபக்கத்தில் அவர் நின்றது அப்போதுதான். அந்த ஏப்ரலில், இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை இருப்பது தெரியவந்து, தொடர்ந்து ஓட மனமிருந்தும் ஓய்வை அறிவித்தார்.

தாரியாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையை எழுதுகிறவர்கள் அவரைப் பெரும்பாலும் பியோர்ண்டாலனின் மனைவி என்ற ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மின்ஸ்க்கில் பிறந்து, சைபீரியாவின் நியாகானில் வளர்ந்து, இளம் வயதில் ரஷ்யாவுக்காக ஓடி, பிறகு பெலாரஸுக்கு வந்தவர். 2009இல் ஒபர்ஹாஃபில் நடந்த கூட்டுத் தொடக்கப் போட்டியில், படுத்துச் சுட வேண்டிய சுற்றில் நின்றபடி சுட்டுவிட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி ஒரு குழப்பம். அதே பெண் ஐந்து ஆண்டு கழித்து சோச்சியில் துரத்தல், 15 கிலோமீட்டர் தனிநபர், கூட்டுத் தொடக்கம் என மூன்று தனிநபர் தங்கம் வென்றார். 2016 அக்டோபரில் மகள் பிறந்தாள். 2017 பிப்ரவரியில் ஹோக்ஃபில்சன் உலக சாம்பியன்ஷிப்பில் துரத்தல் ஓட்டத்தில் வெள்ளி. 2018இல் பெலாரஸின் தொடரோட்டத் தங்கத்தைக் கடைசி ஓட்டக்காரராக முடித்துக் கொடுத்தார். ஒலிம்பிக் பயாத்லானில் நான்கு தங்கம் வென்ற முதல் பெண் அவர்.

பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம், எனக்கும் அப்படி ஆகியிருக்கிறது, அதன்பிறகு இதைச் செய்தேன் என்று சொல்லக்கூடிய பயிற்சியாளர் எத்தனை பேர் இருக்கிறார்கள்? குழந்தை பெற்றபின் உடம்பு எப்போது பழைய நிலைக்கு வரும், எந்த வாரத்தில் அவசரப்படக் கூடாது என்பதைத் தன் உடம்பிலிருந்தே சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அடுத்த உலகக்கோப்பையில் சுடுதளத்தின் பின்னால் தொலைநோக்கியோடு நிற்பவர்களை ஒரு முறை பாருங்கள். பெண்கள் போட்டியாக இருந்தாலும், அந்த வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தாரியா போன்ற ஒருவர் அந்த வரிசைக்கு வந்ததே பெரிய மாற்றம். அதை இரண்டரை ஆண்டில் நழுவ விட்டோம்.

சீனாவுக்கு வருவோம். பெய்ஜிங் ஒலிம்பிக்கை முன்னிட்டு சீனா குளிர்கால விளையாட்டுகளில் வேகமாக முன்னேற விரும்பியது. வேறு விளையாட்டுகளில் இருந்த இளைஞர்களைக்கூடத் தேர்ந்தெடுத்துப் பனிக்குக் கொண்டுவந்தார்கள். ஆர்வம் இருந்தது, பணம் இருந்தது, ஜாங்ஜியாகோவில் புத்தம்புதிய மைதானமும் வந்தது. காலம்தான் இல்லை. பயிற்சியாளர்கள் வந்து ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பெருந்தொற்று வந்து எல்லைகளை மூடியது. உலகக்கோப்பையில் வாரா வாரம் நார்வே, பிரான்ஸ், ஜெர்மனி வீரர்களோடு மோதித்தான் ஒருவர் பயாத்லான் வீரராகிறார். அந்த வாய்ப்பே சுருங்கிப்போனது. தங்கள் தாய்மொழி தெரியாத வீரர்களிடம், மூச்சை எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், விசையை எவ்வளவு மெதுவாக அழுத்த வேண்டும் என்ற நுட்பங்களை அந்தக் காலத்தில் சொல்லித்தர வேண்டியிருந்தது. இரண்டரை ஆண்டில் பதக்கம் வரவில்லை என்பதற்காக அவர்களைக் குறை சொல்வது, நாற்று நட்ட மறுவாரமே களத்துமேட்டில் நெல் கேட்பது போலத்தான்.

சரி, ரிக்கோ குரோஸ் இரண்டே ஆண்டில் செய்து காட்டினாரே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1992, 1994, 1998, 2006 என நான்கு ஒலிம்பிக் தொடரோட்டங்களில் ஜெர்மனிக்காகத் தங்கம் வென்ற குரோஸ், 2015இல் ரஷ்ய ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். 2017இல் ஹோக்ஃபில்சன் உலக சாம்பியன்ஷிப்பில் ரஷ்யா ஆண்கள் தொடரோட்டத் தங்கம் வென்றது. ஆனால் அவர் போன இடம் எது? சிறுவர் பயிற்சிப் பள்ளிகளும், பல பத்தாண்டுப் பழக்கமும், உலகத்தரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வீரர்களும் இருந்த நாடு. அவர் ஒரு தயாரான அணியைக் கூர்மைப்படுத்தினார். அதுவும் திறமைதான், மறுக்கவில்லை. 1992 அல்பெர்வில்லில் குரோஸோடு ஓடித் தங்கம் வென்ற மார்க் கிர்ஷ்னர் தன் சொந்த நாட்டிலேயே பயிற்சியாளரானார். 2014 முதல் ஜெர்மன் ஆண்கள் அணியைப் பார்த்துக்கொண்ட அவருக்கு 2018 பியோங்சாங்கில் ஆர்ன்ட் பைஃபரின் ஸ்பிரின்ட் தங்கம் கிடைத்தது. நான்கு ஆண்டு. அதுவும் ஜெர்மனியில், குளிர்காலத்தில் ஊரே வந்து நின்று பார்க்கும் விளையாட்டில்.

2002இல் பியோர்ண்டாலனோடு தொடரோட்டத் தங்கம் வென்ற எகில் யெல்லாண்டும் பின்னாளில் நார்வே ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளரானார். ஊருக்கு ஊர் கழகமும், நடக்கப் பழகியதும் சறுக்கப் பழகும் பிள்ளைகளும் இருக்கிற நாடு இது. ஒரே தொடரோட்ட அணியில் நின்ற இருவரில் ஒருவர் இங்கே பயிற்சியாளராக இருந்தார், மற்றவர் சீனாவுக்குப் போனார். இருவரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியுமா?

எல்லை தாண்டிய அறிவு பலன் தரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிரான்ஸில் சாம்பியன் மார்ட்டின் ஃபூர்காதுக்குச் சுடுதல் பயிற்சி கொடுத்த சீக்ஃப்ரீட் மசே 2016இல் நார்வேக்கு வந்தார். 2022 பெய்ஜிங்கில் நார்வே வீரர் யோஹானஸ் தின்னெஸ் போ நான்கு தங்கம் வென்றார். ஜெர்மன் பயிற்சியாளர் வொல்ஃப்காங் பிஷ்லர் 2015இல் மீண்டும் ஸ்வீடனுக்குப் போனபின், 2018இல் ஹன்னா ஓபெர்க்கும் ஆண்கள் தொடரோட்ட அணியும் ஒலிம்பிக் தங்கம் எடுத்தார்கள். இருவரும் வீரர்களாக உலக சாம்பியன் பட்டம் பெற்றவர்கள் அல்லர், ஆனால் இருவருக்கும் நேரம் கொடுக்கப்பட்டது. சாம்பியன்களுக்கோ நாம் நேரம் கொடுப்பதில்லை. அவர்கள் பெயரைக் கொடுத்தாலே பதக்கம் வந்துவிடும் என்று நினைக்கிறோம்.

இங்கேதான் உங்கள் பொறுப்பு வருகிறது. ஒரு வீரர் ஓய்வு பெற்றதும் பூச்செண்டு கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அவர் பயிற்சியாளராக விரும்பினால், அந்த வேலையைக் கற்றுக்கொள்ள எங்கே போவார்? தான் சுடுவது வேறு, இன்னொருவர் ஏன் தவறவிடுகிறார் என்று கண்டுபிடிப்பது வேறு. உங்கள் அகாடமியில் பயிற்சியாளர்களுக்கு வகுப்புகள் நடக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் வகுப்பு மட்டும் போதாது. ஓய்வு பெறும் பெரிய வீரர்கள் அனுபவமுள்ள ஒரு பயிற்சியாளரின் பக்கத்தில் முழுதாக இரண்டு பருவம் நின்று பழக, நீங்கள் உதவித்தொகை கொடுக்க வேண்டும். தேசிய அணியைத் தலையில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.

பயாத்லான் வேர் விடாத நாடுகளுக்குச் சாம்பியன்களை அனுப்பும்போது, ஒப்பந்தம் ஒலிம்பிக் நிறைவு விழாவோடு முடியக் கூடாது. அதற்குப் பின்னும் குறைந்தது இரண்டு ஆண்டு நீள வேண்டும். அந்தக் கூடுதல் ஆண்டுகளின் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சங்கமே ஏற்கட்டும். ஒலிம்பிக் முடிந்ததும் அந்த நாட்டு அரசின் ஆர்வம் குறையும், அது உலக வழக்கம். ஆனால் அங்கே பதினாறு வயதில் ரைபிள் தூக்கிய பிள்ளைகளின் ஆர்வம் குறையாது. அவர்களுக்குப் பயிற்சியாளர் வேண்டும். எட்டு நாடுகள் மட்டும் மாறி மாறி மேடையேறும் விளையாட்டாக இது இருந்துவிடக் கூடாது என்று உங்களுக்கும் ஆசை இருக்கும் என்று நம்புகிறேன்.

பெண் பயிற்சியாளர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியாளர் வேலை என்றால் வருடத்தில் பெரும்பகுதி வீட்டைவிட்டு வெளியே இருப்பது. சிறு குழந்தையோடு ஒரு பெண் அதை எப்படிச் செய்வார்? தாரியாவும் ஓலே ஐனாரும் ஒரே அணியில் வேலை செய்ததால் அவர்களால் சமாளிக்க முடிந்திருக்கலாம். எல்லோருக்கும் அப்படி அமையாது. உலகக்கோப்பை நடக்கும் ஊர்களிலும் பயிற்சி முகாம்களிலும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள், வீராங்கனைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சேர்த்தே. இது பெரிய செலவில்லை. ஓய்வு பெறும் பெண் சாம்பியன்களில் பலர் தொலைக்காட்சி வர்ணனைக்கும் வேறு தொழிலுக்கும் போகிறார்கள். அவர்களில் சிலராவது சுடுதளத்துக்குத் திரும்பி வர இது வழி திறக்கும்.

கடைசியாக ஒன்று, இதற்குத் தீர்மானம் எல்லாம் தேவையில்லை. அந்த இரண்டரை ஆண்டில் சீனாவில் என்ன நடந்தது என்று பியோர்ண்டாலனிடமும் தொம்ராச்சேவாவிடமும் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பயிற்சி பலித்தது, எது பலிக்கவில்லை, மொழி எங்கே தடுத்தது, போட்டி இல்லாத காலத்தில் வீரர்களின் மனதை எப்படிக் காத்தார்கள் என்று கேளுங்கள். அவர்களிடம் பயின்ற சீன வீரர்களையும் கேளுங்கள். அதை எழுதி, எல்லா நாட்டுப் பயிற்சியாளர்களும் படிக்கும்படி வையுங்கள். அடுத்து ஒரு சாம்பியனைப் புதிய நாட்டுக்கு அனுப்பும் சங்கம், அவர்கள் தொடங்கிய இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருக்காது. யாரை அனுப்பிக் கேட்பது, எப்போதைக்குள் என்பதை உங்கள் அடுத்த கூட்டத்திலேயே முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
நார்வேயிலிருந்து ஒரு பயாத்லான் ரசிகை